சம்பந்தி நரியான ஞாயிற்றுக்கிழமை

ஜெயகிருஷ்ணனுக்கு ஒரு தீவு வேண்டும். பசிபிக் கடலின் நடுவே, மனுஷ வாடையே இல்லாத, புல்கூட யோசித்து யோசித்து முளைக்கிற ஒரு பாறைத் தீவு. அதை வாங்கப் போவதில்லை, நேரில் போய்ப் பார்க்கப் போவதுமில்லை. அஸ்தினாபுரத்து மாடியறையில் லுங்கியோடு உட்கார்ந்தபடி தன் ரேடியோவில் ஒரே ஒரு தடவை தீவைக் கூப்பிட வேண்டும், அங்கிருந்து 'கேட்டது' என்று ஒரு பதில் வர வேண்டும், அவ்வளவுதான். அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. நாடு நாடாக, தீவு தீவாகப் பிடித்துச் சேர்ப்பார்கள். இந்தத் தீவுக்கோ பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் யாராவது ரேடியோவையும் ஜெனரேட்டரையும் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் ஒரு குழு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூட்டை கட்டிவிடுவோம் என்று அறிவித்தும் விட்டது.

சனிக்கிழமை ஆகியும் ஜெயகிருஷ்ணன் தீவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. காரணம், அவருடைய சம்பந்தி தோத்தாத்ரி.

"அவர் முடிக்கட்டும். அப்புறம் நான்" என்றார் மனைவியிடம்.

"இதென்ன கல்யாணப் பந்தியா? மாப்பிள்ளை வீட்டுக்காரா சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் நாம உட்காரணுமா?" என்றாள் அபிதகுஜாம்பாள். "ஆகாசத்துல கூடவா சம்பந்தி மரியாதை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஜெயகிருஷ்ணன் பெண்ணைக் கொடுத்தவர். பெண்ணைக் கொடுத்தவருக்கு நியாயமான கேள்விகள் காதில் விழுவதில்லை.

கதையின் கோணலே இங்கேதான். தோத்தாத்ரி ஒன்றும் தரகர் கொண்டுவந்த சம்பந்தி அல்ல. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் வீடு, மொட்டை மாடி முழுக்கக் கம்பி. இரண்டு பேரும் பல வருஷத்து ரேடியோ சிநேகிதர்கள். தினமும் காலையில் கையடக்க ரேடியோவை எடுத்து "டேய் தோத்தா", "சொல்லுடா கிச்சா" என்று ஆரம்பித்தால் சென்னையின் தெற்குப் புறத்து ரேடியோக்காரர்கள் அத்தனை பேரும் காபியை வைத்துக்கொண்டு அந்தச் சண்டையைக் கேட்பார்கள். எந்த ஆன்டெனா உசத்தி, எந்தக் கேபிள் மட்டம் என்று ஆரம்பித்து, யாருக்கு மூளை இல்லை என்பதில் போய் முடியும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு திறந்தவெளியில் ஆன்டெனா கட்டப் போனபோது, கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று இவர் தன் பெண் சின்மயியையும் அவர் தன் பிள்ளை பத்ரியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாக்கள் கம்பத்தின் உயரத்துக்காக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வேறு ஒரு விஷயம் முடிவாகிவிட்டது. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அன்றோடு சிநேகம் செத்தது.

யாரும் கொல்லவில்லை. மரியாதைதான் கொன்றது. மண்டபத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்றபோது தோத்தாத்ரி கையைக் கூப்பி, "வாங்கோ சம்பந்தி" என்றார். ஜெயகிருஷ்ணனும் பதிலுக்குக் குனிந்து, "நமஸ்காரம் சம்பந்தி" என்றார். சுற்றிலும் உறவுக்காரர்கள், விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அது 'சம்பந்தி'யாகவே இருந்தது. அடுத்த மாதமும். ஒரு நாள் துணிந்து, "சம்பந்தி, உங்க மைக் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கோன்னு தோண்றது" என்று ரேடியோவில் சொல்லிப் பார்த்தார். பழைய தோத்தா என்றால் இரண்டு நாள் யுத்தம் நடந்திருக்கும். "அப்படியா சம்பந்தி, ரொம்ப சந்தோஷம், குறைச்சுடறேன்" என்று பதில் வந்தது. ஜெயகிருஷ்ணனுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அபிதாவிடம் சொல்வார், அபிதா சின்மயியிடம், சின்மயி பத்ரியிடம், பத்ரி தன் அப்பாவிடம். எட்டு மாதமாக இதே பாதைதான். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் கையில் ஆப்பிள் பை இருக்கும், முன்கூட்டியே போன் வரும், சோபாவின் நுனியில் உட்கார்ந்து அரை டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவார். மாடியறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் போகட்டும். தீவு விஷயத்தில் தோத்தாத்ரி செய்துகொண்டிருந்த தப்பைத்தான் ஜெயகிருஷ்ணனால் சகிக்க முடியவில்லை.

தீவோடு பேசுவது வாயால் அல்ல, கணினியால். ஒரு குட்டி வரியைக் கணினி மெல்லிய விசில் சத்தமாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். பதினைந்து விநாடி தீவுக்காரன் விசிலடிப்பான், அடுத்த பதினைந்து விநாடி நாம் அடிக்க வேண்டும். கனத்த விசில்கள் எல்லாம் திரையின் இடது பக்கத்திலும் கீச்சுக் குரல்கள் வலது பக்கத்திலுமாக, மேலிருந்து கீழே கோடு கோடாக வழிந்துகொண்டிருக்கும். திரையின் உச்சியில் இரண்டு குறிகள். பச்சைக் குறி நாம் காது வைக்கிற இடம். சிவப்புக் குறி நாம் வாய் திறக்கிற இடம். சாதாரண நாளில் திரையில் ஒருவர் வரியைத் தட்டினால் சிவப்பும் பச்சையும் சேர்ந்துபோய் அவர் தலையிலேயே உட்காரும், பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் உலகமே ஒரு தீவைக் கூப்பிடும்போது அது நடக்காது. அத்தனை பேரும் தீவு நிற்கிற இடத்திலேயே போய்க் கத்தினால் ஒரு குரலும் தேறாது. அதனால் தீவு சொல்லிவிடும்: இடது ஓரம் எனக்கு மட்டும். நீங்கள் எல்லோரும் வலது பக்கம் ஆளுக்கொரு காலி இடமாகப் பார்த்து நின்று கூப்பிடுங்கள், இடது பக்கம் வந்து கூப்பிடுகிறவனை நான் கண்டுகொள்ள மாட்டேன். காதை இங்கே வை, வாயை அங்கே வை. உன் முறை வந்து நான் கூப்பிட்டால் அந்த வரி உன் திரையில் சிவப்பாக வரும், உன் கணினியே உன்னை என் பக்கம் கூட்டிவரும். இதற்கு மென்பொருளில் தனி ஏற்பாடு உண்டு. தீவுக்காரருக்கு 'ஃபாக்ஸ்' என்று பெயர், கூப்பிடுகிறவர்களுக்கு 'ஹவுண்ட்'. நரி நடுவில், வேட்டை நாய்கள் சுற்றிலும். வெள்ளைக்காரன் வைத்த பெயர், நாம் என்ன செய்வது.

தோத்தாத்ரி அந்த ஏற்பாட்டைத் திறந்தே பார்க்கவில்லை. தீவைத் தட்டினார், சிவப்பும் பச்சையும் தீவின் தலையிலேயே போய் உட்கார்ந்தன, நான்கு நாளாக அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கத்துக் கூட்டத்தை அவரும் பார்க்காமல் இல்லை. அதைப் பற்றி அவர் சொன்னது சின்மயி வழியாக வந்து சேர்ந்தது: "ஒருத்தரைக் கூப்பிடறதுன்னா அவர் இருக்கிற இடத்துக்குப் போய்க் கூப்பிடணும். கேட்டுக்கு வெளியே தெருவில நின்னுண்டு கத்தறது என்ன மரியாதை?"

"இவர் மரியாதையில தீ வைக்க!" என்று ஜெயகிருஷ்ணன் மாடியில் தனியாகச் சத்தம் போட்டார். அவர் திரையில் சம்பந்தியின் கோடு இடது ஓரத்தில் தகதகவென்று விழுந்துகொண்டிருந்தது. இரும்புலியூருக்கும் அஸ்தினாபுரத்துக்கும் என்ன பெரிய தூரம். தன் கண்ணெதிரே ஒருவன் பூட்டாத கதவை விட்டுவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருக்க, இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பொறுமை போய்விட்டது. அபிதாவைக் கூப்பிட்டு, "சின்மயிகிட்ட சொல்லு. செட்டிங்ஸ்ல கடைசிப் பக்கம். 'ஸ்பெஷல்'னு ஆரம்பிக்கும். அதை ஆன் பண்ணிட்டு ஹவுண்டைத் தேர்ந்தெடுக்கணும். அவ்வளவுதான், மத்ததெல்லாம் அதுவே பார்த்துக்கும்" என்றார்.

"ஹவுண்ட்னா?"

"வேட்டை நாய்."

அபிதா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு புகுந்த இடம். மாமனாரைப் பார்த்து 'நாயாயிடுங்கோ'ன்னு நாம சொல்லி அனுப்பணுமா?"

"அது வெறும் பேரு, அபிதா!"

"உங்களுக்கு வெறும் பேரு. அங்கே சம்பந்தி மாமிக்கு அது வருஷக்கணக்குக்குச் சொல்லிக்காட்ட ஆகும்."

அவள் பெண்ணுக்குப் போன் செய்து, அதில் ஏதோ மிருகங்கள் பேர் இருக்குமாம், ஒன்றைத் தட்ட வேண்டுமாம் என்று சொன்னாள். எந்த மிருகம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சின்மயிக்கு மாமனாரிடம் மிருகத்தைப் பற்றியே பேசப் பயம். பத்ரியிடம், "கடைசிப் பக்கத்துல ஸ்பெஷல்னு ஒண்ணு இருக்காம், அதை ஆன் பண்ணிக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள். பத்ரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியோடு சினிமாவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, ஸ்பெஷல் ஆன் பண்ணணுமாம்" என்று வாசலிலிருந்து கத்திவிட்டுப் போனான்.

தோத்தாத்ரி ஆன் செய்தார். ஃபாக்ஸ் என்றும் ஹவுண்ட் என்றும் இரண்டு பெயர்கள் எதிரே நின்றன. நரியா நாயா என்று கேட்டால் பிள்ளையைப் பெற்று வளர்த்துக் கல்யாணமும் பண்ணி வைத்த ஒரு மனிதர் எதைத் தட்டுவார்? தட்டினார்.

மாலை நான்கு மணிவாக்கில் ஜெயகிருஷ்ணன் காபியோடு மாடிக்குப் போனார். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று ஜன்னல் கண்ணாடியை நடுக்கிவிட்டுப் போனது. திரையைப் பார்த்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். இடது ஓரத்தில், தீவு மட்டுமே நிற்க வேண்டிய இடத்தில், தீவு பேசுகிற அதே பதினைந்து விநாடியில், சம்பந்தியின் அழைப்புக்குறி, ஆகாசத்தில் அவருக்குள்ள பெயர், ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது: 'வாருங்கள், வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்.'

தோத்தாத்ரி தீவாகிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு எது தெரிந்தாலும் தட்டுகிற ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. இத்தாலிக்காரன் ஒருவன் தோத்தாத்ரியைக் கூப்பிட்டான். ஜப்பான்காரன் கூப்பிட்டான். வரிசை நீள ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், யார் எங்கே கேட்கிறார்கள் என்று ரேடியோக்காரர்கள் எழுதிப்போடுகிற இணையப் பக்கத்தில் திட்டு விழத் தொடங்கியிருந்தது. யார் இந்த இந்தியாக்காரன்? போலியா? தீவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறானே, இவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது? ஒருவன் வெறுமனே 'முட்டாள்' என்று மட்டும் போட்டிருந்தான்.

ஜெயகிருஷ்ணனுக்கு அந்த வார்த்தையைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. தோத்தாவை முட்டாள் என்று சொல்ல இவன் யார்? அந்த உரிமை உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் இருந்தது, அவனே எட்டு மாதமாக அதைப் பூட்டி வைத்திருக்கிறான்.

சம்பந்திக்குப் போன் செய்தார். அடித்து ஓய்ந்தது. சின்மயிக்குச் செய்தார். சினிமா தியேட்டரில் அணைத்து வைத்திருந்தாள். சம்பந்தி மாமி எடுத்து, "அவர் ரூமுக்குள்ள ஒரே சந்தோஷமா இருக்கார், மாமா. 'உலகமே என்னைக் கூப்பிடறது'ன்னு சிரிச்சுண்டிருக்கார். தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு பார்க்கறேன்" என்றாள். "இல்லை மாமி, ஒரு சின்ன…" என்று இழுத்தார். அதற்கு மேல் அவளிடம் எப்படிச் சொல்வது? உங்கள் அகத்துக்காரர் நரியாக இருக்கிறார் என்றா?

மிச்சமிருந்தது மேஜையில் கிடந்த கையடக்க ரேடியோ மட்டும். தோத்தாத்ரியின் மேஜையிலும் அதே மாதிரி ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். இரும்புலியூர் கேட்கும், கூடவே தெற்குச் சென்னை பூராவும் கேட்கும். ஜெயகிருஷ்ணன் அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"சம்பந்தி, நமஸ்காரம். ஒரு சின்ன விஷயம். நீங்க தப்பா நினைக்கலேன்னா…"

திரையில் அடுத்த பதினைந்து விநாடி வந்தது. தோத்தாத்ரி மறுபடி ஊரைக் கூப்பிட்டார். இணையப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் முட்டாள் என்றார்கள்.

ஜெயகிருஷ்ணனுக்குள் ஏதோ ஒன்று படாரென்று திறந்துகொண்டது.

"டேய் தோத்தா! மடையா! நிறுத்துடா! நீ நரி இல்லடா, நாய்! நாய்டா நீ! உலகம் பூரா உன்னைக் காறித் துப்பறது, நீ என்னமோ ராஜா மாதிரி உட்கார்ந்துண்டு தர்பார் நடத்தறே! நாலு நாளா பார்க்கறேன், அவன் தலை மேலேயே போய் நின்னுண்டு கத்தறே. அறிவு இருக்காடா? தள்ளி நில்லு! காதை அங்க வை, வாயை இங்க வை! நாயா மாறு, மத்ததை அதுவே பார்த்துக்கும்! நாயா மாறுடா!"

பொத்தானை விட்டார். கதவருகே அபிதா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கரணையிலிருந்து கேஷவ் என்ற ரேடியோக்காரர் பணிவாகக் கேட்டார்: "சார், நடுவுல கொஞ்சம் கட் ஆயிடுச்சு. கடைசி பார்ட் மட்டும் ரிப்பீட் பண்ண முடியுமா?"

ஜெயகிருஷ்ணன் ரேடியோவை மேஜையில் கவிழ்த்து வைத்தார். ஒரு பெண், ஒரே பெண். அவளுடைய மாமனாரைத் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் கேட்க நாய் என்று சொல்லியாகிவிட்டது. நாளைக்கு அவள் பெட்டியோடு வந்து நின்றால் என்ன சொல்வது? மாமி அழுவாள். பத்ரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். எல்லாவற்றையும் விட, சோபா நுனியில் உட்கார்ந்து அரை டம்ளர் காபி குடிக்கிற அந்த மனிதரும் இனி வர மாட்டார்.

திரையில் இடது ஓரத்தில் சம்பந்தியின் கோடு நின்றுவிட்டது. இரண்டு மூன்று சுற்று ஒன்றுமே இல்லை. பிறகு வலது பக்கம், கூட்டத்துக்கு நடுவே காலியாக இருந்த ஒரு சந்தில், தகதகவென்று ஒரு கோடு விழுந்தது. தோத்தாத்ரி தெருவில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெயகிருஷ்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு சுற்று. இன்னொன்று. தீவு யார் யாரையோ கூப்பிட்டது. "இதோ, இதோ" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். தீவின் அடுத்த வரியில் சம்பந்தியின் அழைப்புக்குறி வந்தது. வலது பக்கத்துக் கோடு மாயமாக இடது பக்கம் தாவியது. 'கேட்டது' என்றது தீவு. முடிந்தது.

"கிடைச்சுடுத்து அபிதா, அவனுக்குக் கிடைச்சுடுத்து!" என்று குதித்தார். குதித்த பிறகுதான் அவருக்குப் பயம் நினைவுக்கு வந்தது. கையடக்க ரேடியோவைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சின்மயி. "அப்பா, மாமாகிட்ட என்ன சொன்னே? இடைவேளையில போனைத் திறந்தா மாமி பத்து தடவை கூப்பிட்டிருக்கா. மாமா சட்டையை மாட்டிண்டு, ஸ்கூட்டரை எடுத்துண்டு, ஒரு வார்த்தை பேசாம கிளம்பிட்டாராம். நம்ம ஆத்துக்குத்தான் வரார்னு தோண்றது. கோவமா இருக்காராப்பா?"

ஜெயகிருஷ்ணன் லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டார். அபிதா தாம்பாளத்தை எடுத்து வெற்றிலை பாக்கு வைத்தாள், கால் போன இடமெல்லாம் ஓடி சோபா உறையை இழுத்துவிட்டாள். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அவர் ஒத்திகை பார்த்தார். 'சம்பந்தி, பெரிய மனசு பண்ணி…' என்று ஆரம்பிக்கலாம்.

கேட்டில் ஸ்கூட்டர் வந்து மோதுகிற சத்தம் கேட்டது. செருப்பு ஒன்று வாசலிலும் இன்னொன்று குரோட்டன்ஸ் தொட்டியருகிலும் போய் விழுந்தது. தோத்தாத்ரி உள்ளே வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி தலையில் படிந்திருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தப்பாக மாட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது. அபிதாவின் கண் பழக்கத்தில் அவர் கையைத் தேடியது. ஆப்பிள் பை இல்லை. வெறும் கை.

"சம்பந்தி, பெரிய மனசு பண்ணி…" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"எங்கடா போயிருந்தே?" என்றார் தோத்தாத்ரி.

ஜெயகிருஷ்ணனுக்குப் புரியவில்லை.

"எட்டு மாசமா எங்கடா போயிருந்தே நீ? 'அப்படியோன்னு தோண்றது', 'தப்பா நினைக்கலேன்னா'… யாருடா அவன்? நான் வாயைத் திறந்தா மாப்பிள்ளை வீட்டு முறுக்குன்னு நினைச்சுப்பியோன்னு நானும் பொத்திண்டு கிடந்தேன். நாலு நாளா நான் தப்பான இடத்துல நிக்கறேன்னு தெரிஞ்சும் வேடிக்கை பார்த்தியே, நீயெல்லாம் ஒரு சிநேகிதனாடா?" தப்பாக மாட்டிய பொத்தானைக் கழற்றிக்கொண்டே இன்னும் சத்தமாகக் கேட்டார். "நீ வாங்கிட்டியா தீவை?"

"இல்லை."

"ஏன்?"

"நீங்க… நீ முடிச்சப்புறம்னு."

தோத்தாத்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அபிதாவைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணியில அவா மூட்டை கட்டறா. வேட்டி கட்டிண்டு நிக்கறான் பாரு" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினார். ஜெயகிருஷ்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அபிதா காபி கலந்து எடுத்துக்கொண்டு மேலே போனபோது, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிவப்பை இன்னும் வலது பக்கம் தள்ளுடா."

"அங்கே ரஷ்யாக்காரன் நிக்கறான், கண்ணு தெரியலையா?"

"அப்போ இங்கே வை. என் ரேடியோவா இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"உன் ரேடியோவைப் பத்திப் பேசாதே. மத்தியானத்துலேருந்து நரியா இருந்தவன்."

"வேலையைச் செய்டா, பெரிசா வந்துட்டான். அந்தக் கேபிளை மாத்துன்னு எப்பவோ சொன்னேனா இல்லையா?"

"என் கேபிளுக்கு என்னடா குறைச்சல்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கேபிள் எந்தக் கடையில் வாங்கியது, அதை வாங்கியவனுக்கு மூளை உண்டா என்று ஆரம்பித்துவிட்டார்கள். திரைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. கணினி பாட்டுக்குத் தன் முறை வரும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அபிதா காபியை மேஜையில் வைக்கக் குனிந்தாள். "ஏன்னா, இதுல ஏதோ ஒரு வரி சிவப்பா வந்திருக்கே. உங்க ரேடியோ பேர் மாதிரி இருக்கு."

"இரு அபிதா" என்றார் ஜெயகிருஷ்ணன், திரும்பாமலே. "முதல்ல இவனுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."